செவிவழிப் பிரிவினை

வங்கப் பிரிவினையைப் பற்றியவை என்று சொல்லப்படும் ரித்விக் கட்டக்கின் மூன்று படங்களிலும் பிரிவினை கண்ணில் படுவதில்லை. கலவரம் இல்லை. எரியும் கிராமம் இல்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வரப்பில் நடந்துபோகும் வரிசை இல்லை. மேகே டாக்கா தாரா (1960), கோமல் காந்தார் (1961), 1962இல் முடிந்தும் 1965இல்தான் வெளிச்சம் கண்ட சுபர்ணரேகா. மூன்றிலும், பாத்திரங்கள் விட்டுவந்த ஊர் நதிக்கு அக்கரையில் ஒரு மங்கிய கோடாகத் தெரிவதோடு சரி. நாடகத்துக்குள் நாடகமாக மேடை அகதிகள் வருகிறார்கள். அது வேறு விஷயம். இருந்தும் இம்மூன்றையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் பிரிவினையை அனுபவித்துவிட்டே வருகிறான். எந்த வழியாக அது அவனுக்குள் வந்தது என்பதே என் கேள்வி. பெரும்பாலும் காது வழியாக என்று நான் நினைக்கிறேன். இதைத் தொழில்நுட்ப நயமாக அல்லாமல், வரலாற்றை உள்ளபடி சொல்லக் கட்டக் கண்டடைந்த வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு முன்னால் கண்ணை நம்பிய ஒரு படம் இருந்தது. நேமாய் கோஷ் இயக்கிய சின்னமூல் (1951). கிழக்கு வங்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடியானவர்கள் கல்கத்தாவுக்கு வந்து சேருகிற கதை. ஸியால்தா ஸ்டேஷனில், அங்கே பிளாட்பாரத்தில் கிடந்த அகதிகளின் நடுவிலேயே காமிராவை வைத்து எடுத்தார்கள். வீட்டை விட்டு வர மறுத்து வீட்டுத் தூணைக் கட்டிக்கொள்ளும் கிழவி அதில் வருகிறாள். கல்கத்தா வந்திருந்த புடோவ்கின் படத்தைப் பார்த்துப் பாராட்டினார். சோவியத் நாட்டில் அது திரையிடப்பட்டது. இங்கே பெட்டிக்குள் போயிற்று. நேமாய் கோஷ் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வேலை பார்த்தார். பாதை தெரியுது பார் (1960) அவர் இயக்கியதுதான். ஜெயகாந்தன் பாட்டு எழுதியதற்காகவும் எம்.பி. ஸ்ரீனிவாசனின் இசைக்காகவும் அந்தப் படத்தை நினைவு வைத்திருக்கிற நாம், அதன் டைரக்டர் ஸியால்தா பிளாட்பாரத்திலிருந்து வந்தவர் என்பதை நினைப்பதில்லை. மேகே டாக்கா தாரா கல்கத்தாவில் வெளியான அதே வருஷம் பாதை தெரியுது பார் இங்கே வெளியாயிற்று.

சின்னமூலில் நடித்து, உதவியாளராகவும் வேலை செய்தவர் கட்டக். ஆக, காமிரா அகதியின் முகத்துக்கு முன் நின்று எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதைப் பக்கத்திலிருந்து கண்டவர். பத்து வருஷம் கழித்துத் தன் படங்களை எடுக்கும்போது ஸியால்தாவை முற்றாக விட்டுவிடுகிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்டேஷனில் கிடக்கும் அகதியின் பிம்பம் அதற்குள் பத்திரிகைகளிலும் நிவாரணக் கோப்புகளிலும் தேய்ந்துவிட்டது. அந்தப் பிம்பத்தைப் பார்க்கிறவனுக்கு இரக்கம் வரும். இரக்கம் வந்தவுடன் விஷயம் தீர்ந்துபோகும். தவிர, 1960இல் அகதி ஸ்டேஷனில் இல்லை. காலனியில், ஓலைத் தட்டிகளுக்குள், மாதச் சம்பளத்துக்கும் மளிகைக் கடனுக்கும் நடுவில் இருந்தான்.

இந்த இடத்தில் பஞ்சாபையும் வங்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பஞ்சாபில் பிரிவினை ஒரு நிகழ்ச்சி. 1947இன் சில மாதங்களில் இரு பக்கமும் மக்கள் மொத்தமாக மாற்றப்பட்டு, ரத்தமும் மொத்தமாகச் சிந்தி முடிந்தது. முடிந்தது என்று சொல்வது கொடுமை. என்றாலும் அதற்கு ஒரு தேதி உண்டு. வங்கத்தில் தேதி கிடையாது. ராட்கிளிஃபின் கோடு 1947 ஆகஸ்டு 17இல் வெளியானபோது அக்கரையில் இருந்தவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை. 1950 கலவரங்களில் ஒரு அலை வந்தது. அந்த ஏப்ரலில் நேரு-லியாகத் ஒப்பந்தம் கையெழுத்தான பின்னும் அலை நின்றுவிடவில்லை. 1952 அக்டோபரில் இரு வங்கத்துக்கும் நடுவே பாஸ்போர்ட் வந்தபோது, கதவு சாத்தப்படுமுன் என்று இன்னொரு அலை. 1964இல் மறுபடி. 1971இல் வந்தது எல்லாவற்றையும் மூழ்கடித்தது. கல்கத்தாவின் தெற்கே பிஜய்கட், ஆஸாத்கட் என்று ஆட்கள் நிலத்தை வளைத்துக் குடிசை போட்டார்கள். 'ஜபர்தகல்' காலனிகள் என்று அவற்றுக்குப் பெயர். 1951இல் அரசாங்கம் வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. 1958இல் தண்டகாரண்யத் திட்டம்; நதியில் பிறந்தவர்களைப் பாறைக் காட்டுக்கு அனுப்புகிற யோசனை. அங்கிருந்து தப்பி சுந்தரவனத்து மரிச்ஜாபித் தீவுக்கு வந்தவர்களை 1979இல் போலீஸ் என்ன செய்தது என்பது அதன் தொடர்ச்சி.

இப்படித் தேதியில்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? தேதியுள்ளதற்கு பிளாஷ்பேக் போதும். நம் படங்களில் வட்டங்கள் சுழன்று, பாத்திரத்தின் முகம் தண்ணீரில் விழுந்த மாதிரி நெளிந்து, கடந்தகாலம் தனி அறையாகத் திறக்கும். பார்த்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் முடிவுறாத ஒன்றுக்கு அறையும் இல்லை, கதவும் இல்லை. அது நிகழ்காலத்துக்குள்ளேயே எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கிறது. 'ட்ரௌமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெறும் காயம் என்றுதான் பொருள். முதல் உலகயுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கனவுகள் ஏன் அவர்களை அதே பதுங்கு குழிக்கு இழுத்துப்போகின்றன என்பதை ஃபிராய்ட் 1920இல் எழுதும்போது, காயம் அப்போதே அனுபவிக்கப்படவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்ற இடத்துக்கு வந்தார். அது ஒரு யுத்தம், ஒரு குண்டு, ஒரு நாள் என்பதற்குப் பொருந்தும். இருபத்தைந்து வருஷம் நீண்ட காயத்துக்கு அதை அப்படியே வைத்துப் பார்க்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

காதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கட்டக் 1925இல் டாக்காவில் பிறந்தவர். இளமை பெரும்பாலும் ராஜ்ஷாஹியில். அவருடைய தலைமுறையின் காதில் விழுந்தவற்றைக் கணக்கெடுத்தால்: 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாமேல் குண்டு போட்டபோது எழுந்த சைரன்கள். 1943 பஞ்சத்தில் வீட்டுவாசல்தோறும் நின்று, சோறுகூட வேண்டாம், வடித்த கஞ்சியைக் கொடுங்கள் என்று கேட்ட குரல்கள்; 'ஃபான்' என்ற அந்த ஒரு சொல்லை அந்தத் தலைமுறை சாகும்வரை மறக்கவில்லை. 1946 ஆகஸ்டு 16க்குப் பிந்திய இரவுகளில் மொட்டை மாடிகளிலிருந்து எழுந்த கோஷங்கள், எச்சரிக்கையாக ஊதப்பட்ட சங்குகள். இரவில் கும்பலைப் பார்ப்பதற்கு முன் கேட்கத்தான் முடியும். பயம் முதலில் காதில் குடியேறியது.

மேகே டாக்கா தாராவின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அகதிக் காலனியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் குடும்பம். மூத்த பெண் நீதா டியூஷன் எடுத்தும் பிறகு வேலைக்குப் போயும் எல்லாரையும் தாங்குகிறாள். காதலன் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். அண்ணன் பாட்டுக்காரனாகி பம்பாயில் பெயரெடுக்கிறான். தம்பி ஆலையில் அடிபடுகிறான். அவள் க்ஷயரோகத்தில் விழுகிறாள். சக்திபத ராஜ்குருவின் கதை. இதைப் படிக்கிறவன், இது நம் ஊர் மாதப் பத்திரிகைத் தொடர்கதைதானே என்று கேட்டால் தப்பில்லை. ஆனால் இந்தப் படத்தின் ஒலி அதன் கதைக்குக் கட்டுப்பட்டதில்லை.

முதல் காட்சியிலேயே பெரிய மரம். மரத்தடியிலிருந்து நீதா வருகிறாள். நீர்க்கரையில் அண்ணன் ஷங்கர் ஆலாபனை செய்துகொண்டிருக்கிறான். பின்னால் ரயில் ஒன்று சட்டகத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது. பாட்டும் ரயிலும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. பிறகு படம் நெடுக, யாராவது ஒருவர் தனக்கென்று ஏதேனும் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் ரயில் குறுக்கே வந்துவிடும். காலனிக்காரர்களை இங்கே கொண்டுவந்து கொட்டிய அதே ரயில் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை.

அடுத்தது அடுக்களை. நீதாவும் ஸனத்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா பார்க்கிறாள், அவள் முகம் குளோசப்பில் வரும்போது அடுப்பில் ஏதோ கொதிக்கிற சப்தம் இருக்கவேண்டிய அளவைத் தாண்டி எழுகிறது. இவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் உலை எப்படி ஏறும் என்ற கணக்கு அந்தச் சப்தத்தில் இருக்கிறது. அம்மாவைக் கொடுமைக்காரி என்று எழுதிய விமர்சனங்கள் உண்டு. கஞ்சித் தண்ணீருக்காக ஜனங்கள் தெருவில் செத்துப் பதினேழு வருஷம்கூட ஆகாத நகரத்தில் கொதிக்கும் உலை வெறும் சமையல் சப்தமாக இருக்க முடியாது. அந்த அம்மாளின் கணவராக, வாத்தியாராக நடிப்பவர் பிஜன் பட்டாச்சார்யா. பஞ்சத்தைப் பற்றிய நபான்ன (1944) நாடகத்தை எழுதியவர். அவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது 1943 அங்கே உட்கார்ந்திருக்கிறது. வங்காளி பார்வையாளனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு விளக்கவேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தச் சாட்டை. ஸனத்தின் அறைக்குப் போன நீதாவுக்கு உள்ளே இன்னொரு பெண் இருப்பது தெரிகிறது. அது தன் தங்கை. மாடிப்படியில் இறங்கி வருகிறாள். முகம் கீழிருந்து பார்க்கப்படுகிறது, கை கழுத்துக்குப் போகிறது. இசையின் மேல் சாட்டை விழுகிறது. மறுபடி. மறுபடி. அந்த வீட்டில் சாட்டை இல்லை, தெருவில் இல்லை, கதையில் எங்கும் இல்லை. பிறகு ஓரிரவு, தங்கையின் கல்யாணத்தில் பாடச் சொல்வார்களே என்று ஷங்கரிடம் தாகூர் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டின் முடிவில் அதே சாட்டை வருகிறது, அவள் உடைந்து அழுகிறாள்.

இந்தச் சாட்டை மிகை என்று சொல்கிறவர்களுண்டு. உள்ளே இருக்கும் வேதனையை வெளியே அடிக்கோடிட்டுக் காட்டுகிறது, கலைக்கு இது தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. ராயின் மௌனத்தில் பழகிய காதுகள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சாட்டை நீதாவின் வேதனையைக் குறிப்பதாக இருந்தால் அது அவள் உடம்பின் அசைவோடு ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டவில்லை. அது வெளியிலிருந்து வருகிறது, அவளைவிடப் பழையதாக இருக்கிறது. காதலன் ஏமாற்றினான் என்ற சின்ன துக்கத்தைப் பிடித்துக்கொண்டு வேறொரு பெரிய அடி அவள்மேல் இறங்குகிறது. அந்த அடிக்கு அவள் வாழ்க்கையில் காட்டக்கூடிய காரணம் எதுவுமில்லை. தேதியுமில்லை. ஆளுமில்லை. ஆகவேதான் சப்தமாக மட்டும் இருக்கிறது. தெருவில் உறுமி அடிக்க, தன் முதுகிலேயே சாட்டையை வீசிக்கொள்கிற மனிதனைச் சிறுவயதில் பார்த்த தமிழ்ப் பார்வையாளனுக்கு இது இன்னொரு விதமாகவும் கேட்கும். சாட்டை அவன் மேல் விழுந்தாலும் உடல் சுருங்குகிறவர்கள் திண்ணையில் நிற்கிற நாம்.

இன்னொன்று, சாதாரண விஷயம்தான். அந்தக் காலத்துப் படத்துக்கு ஒரே ஒரு ஒலித்தடம். பேச்சு, பாட்டு, ரயில், சாட்டை எல்லாம் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வந்தாகவேண்டும். இடம் வலம் என்று பிரிக்கும் வசதி கிடையாது. இதைப் பலர் குறையாகத்தான் கண்டார்கள். கட்டக் இதன்மேல்தான் நிற்கிறார். சாட்டை எங்கிருந்து வருகிறதோ அங்கேயே நீதாவின் முகம் இருக்கிறது. கொதிக்கும் உலை எங்கிருந்தோ அங்கேயே அம்மாவின் பார்வை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிகின்றன. காலனி வீடும் அப்படித்தான். ஒரே அறையில் ஆறு பேர். ஒருமுறை சுமாரான பிரதி ஒன்று ஓடும்போது சுமார் இருபது நிமிஷம் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கதை போய்விட்டது, குடும்பம் இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் பட்டது. பெற்றோர் பேச்சில் இருக்கிற கிழக்கு வங்கத்து வாடை. ஆங்கில சப்டைட்டிலில் கல்கத்தாக்காரனும் இவர்களும் ஒரே பாஷை பேசுகிறார்கள். நிஜத்தில் வாயைத் திறந்ததும் அகதி என்று தெரிந்துவிடும் நகரம் அது. 'பாங்கால்' என்று கேலி செய்கிற நகரம். எல்லைக் கோடு நாக்கிலும் காதிலும் போட்டிருந்தது.

அலென் ரெனேயின் ஹிரோஷிமா மோன் அமூர் (1959) இதற்கு ஒரு வருஷம் முந்தியது. தூங்குகிற ஜப்பானியக் காதலனின் கை துடிப்பதைப் பிரெஞ்சுப் பெண் பார்க்கிறாள். கணத்தில் வேறொரு கை, பதினைந்து வருஷத்துக்கு முன் நெவேரில் செத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாயின் கை, வெட்டி மறைகிறது. உலகம் முழுக்க அந்த வெட்டைப் பற்றி எழுதினார்கள், எழுதத் தகுந்ததுதான். ஆனால் அங்கே ஞாபகத்துக்குச் சொந்தக்காரி இருக்கிறாள். அந்தக் கை அவளுடைய ஞாபகம். பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து அதைச் சொல்லித் தீர்க்கவும் முடிகிறது. நீதாவின் சாட்டை யாருடைய ஞாபகமும் அல்ல. யாரிடமும் சொல்லமுடியாது. அதைக் கேட்கிறவர்கள் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே. கூடவே இருக்கும் குடும்பத்தின் காதில் விழுவதேயில்லை. விழுந்தால் அவள் சம்பளத்தை எப்படிக் கைநீட்டி வாங்குவது?

கோமல் காந்தாரில் கட்டக் ஓரளவு மனமிளகியிருக்கிறார். தலைப்பு தாகூர் கவிதை ஒன்றின் பெயர். நம் சங்கீதத்தில் சாதாரண காந்தாரம் என்று சொல்கிற ஸ்வரம். பிளவுபட்ட நாடகக் குழுக்கள், அதனடியில் பிளவுபட்ட கட்சி, அதனடியில் பிளவுபட்ட தேசம். படம் முழுக்கக் கல்யாணப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழு லால்கோலாவுக்கு வருகிறது. பத்மா நதி, அக்கரை பாகிஸ்தான். ஒரு காலத்தில் இந்தக் கரையில் ரயிலை விட்டிறங்கிப் படகேறி அந்தக் கரையில் மறுபடி ரயிலேறுவார்கள். கட்டக்கின் ராஜ்ஷாஹி அந்த எதிர்க்கரைப் பக்கம்தான். பிருகுவும் அனசூயாவும் நின்று பார்க்கிறார்கள்; முன்பு சேர்த்துவைத்த தண்டவாளம் இன்று பிரித்துவைக்கிறது என்கிற மாதிரி அவன் பேசுகிறான். இதுவரை எல்லாம் பேச்சு, சற்று இனிமையான பேச்சுகூட. திடீரென்று காமிரா கைவிடப்பட்ட தண்டவாளத்தின்மேல் பாய்ந்து ஓடத் தொடங்குகிறது. 'தொஹாய் ஆலி' என்று படகுக்காரர்கள் இறைஞ்சும் குரல் எழும்பி எழும்பி வருகிறது. தண்டவாளம் முடிகிற இடத்துத் தடுப்பில் காமிரா மோதுகிறது. திரை இருண்டுபோகிறது. கண்ணால் பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. அபாயத்தில் அலியைக் கூவி அழைப்பது முஸ்லிம் படகோட்டிகளின் குரல் என்பதும், அதைத் தன் இழப்பின் குரலாக ஒரு இந்து அகதி கேட்கிறான் என்பதும் வங்காளத்தில் 1961இல் லேசான காரியமில்லை. படம் விழுந்தது. அதற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை.

சுபர்ணரேகாவில் கண்ணே பொய்த்துப்போகிறது. ஈஸ்வர் தங்கை ஸீதாவோடும், காலனியில் தாயைப் பறிகொடுத்த அபிராம் என்ற பையனோடும் நதிக்கரை ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போகிறான். அங்கே இரண்டாம் உலகயுத்தத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளம். குழந்தைகள் அதில் விளையாடுகிறார்கள். குண்டு போட்ட விமானங்களின் மிச்சம் அவர்களுக்கு விளையாட்டு. அதே ஓடுதளத்தில் காளி வேஷம் கட்டிய பகுரூபி ஸீதாவின் எதிரே வந்து நிற்கிறான், அவள் வீரிடுகிறாள். வளர்ந்த பின் அபிராம் தாழ்ந்த சாதி என்று தெரியவருகிறது. தானே வேரற்று வந்த ஈஸ்வர் மற்றவன் வேரைத் தோண்டிப் பார்க்கிறான். காதலர்கள் கல்கத்தாவுக்கு ஓடுகிறார்கள், அபிராம் சாகிறான், ஸீதா பாடிப் பிழைக்கவேண்டிய நிலைக்கு வருகிறாள். ஒரு நள்ளிரவில், பந்தயமும் மதுக்கடையுமாகச் சுற்றிய ஈஸ்வர், மூக்குக்கண்ணாடி இல்லாமல், போதையில், அவளுடைய முதல் வாடிக்கையாளனாக அந்த வாசலில் வந்து நிற்கிறான். மதுக்கடையில் ஒலிப்பது ஃபெல்லினியின் லா டோல்சே விட்டாவில் வருகிற பாத்ரீசியா மெட்டு, நாகரிகத்தின் ஒலி.

அவனுக்குக் கண் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. திரையில் அவள் கண் மட்டும் பெரிதாக இருக்கிறது. ஒலியில் மூச்சு மட்டும். யாருடைய மூச்சு என்று சொல்லமுடியாதபடி கனத்த மூச்சு. அரிவாள்மணையை எடுக்கிறாள். அவள் சாவதைப் பார்க்கமுடியாது, கேட்கத்தான் முடியும். இந்தச் சந்திப்பைத் தற்செயலின் உச்சம், நம்பமுடியாதது என்று தாக்கினார்கள். அந்த நகரத்தில் பிரிவினைக்குப் பின் எத்தனை பெண்கள் எத்தனை வாசல்களில் நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்தால், எந்த வாடிக்கையாளன் எந்த வாசலுக்குப் போனாலும் அங்கே இருப்பவள் யாரோ ஒரு ஈஸ்வரின் தங்கைதான். கட்டக் சொல்லிக்கொண்ட நியாயமும் கிட்டத்தட்ட இதுவே. என்னைப் பொறுத்தவரை அந்த மூச்சு இல்லாவிட்டால் இந்த நியாயம் நிற்காது. படித்துச் சம்மதிக்கிற வாதமாகப் போயிருக்கும்.

மெலோடிராமா என்று குறை சொல்கிறவர்களைவிட எனக்குச் சங்கடம் தருகிறவர்கள் கட்டக்கின் பக்தர்கள். நீதா ஜகத்தாத்ரி பூஜையன்று பிறந்தவள். அவள் வீட்டை விட்டுப் போகையில், புகுந்தவீடு திரும்பும் உமாவைத் தாய் மேனகை அழைக்கிற பாட்டு கேட்கிறது. ஆகவே அவள் தேவி, ஆதித் தாய், தொல்படிமம். கட்டக்கே யுங் படித்தார், எரிக் நாய்மனின் மாதா தத்துவத்தைப் படித்தார், அப்படிப் பேசவும் செய்தார். இருக்கட்டும். ஆனால் புராணம் ஒரு ஆறுதல். தேவியானவள் அடுத்த சரத்காலத்தில் திரும்பி வருவாள். நீதா திரும்புவதில்லை. படிமத்தை ஏந்திக்கொள்கிறவர்கள் சாட்டையை விட்டுவிடுகிறார்கள். சாட்டைக்குப் புராணத்தில் இடமில்லை. கட்டக்கின் கையிலேயே இந்த இரண்டும் சண்டை போடுகின்றன. பாட்டு அவளை உமாவாக்கப் பார்க்கிறது, சப்தம் அவளை மாதச் சம்பளக்காரியாகவே வைக்கிறது. சப்தம் ஜெயிக்கிறபோதெல்லாம் படம் பெரிய படம். 1965-66இல் பூனா திரைப்படக் கல்லூரியில் அவரிடம் இருந்தவர்களில் மணி கௌலும் குமார் ஷஹானியும் இதை வேறு வேறு விதங்களில் எடுத்துக்கொண்டார்கள். ஜான் ஆபிரகாமும் அவர் மாணவர். வெங்கட் சாமிநாதன் எழுத ஜான் எடுத்த அக்ரஹாரத்தில் கழுதையை (1977) இந்தக் காதோடு ஒருமுறை பார்த்தால் நல்லது. அதைப் பற்றி நாம் பேசியதெல்லாம் அக்ரஹாரத்தைப் பற்றி மட்டுமே.

கடைசியில் ஷில்லாங் மலையில், ஸானடோரியத்தில், ஷங்கர் வீட்டுச் சமாசாரம் சொல்கிறான். மாடி கட்டியாயிற்று, தங்கை குழந்தை ஓடி விளையாடுகிறது. நீதா தான் வாழவே ஆசைப்பட்டதாகக் கதறுகிறாள். காமிரா அவளை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றிச் சுழல்கிறது. குரல் உடம்பை விட்டுக் கழன்று, உடம்பில்லாமல் எதிரொலிக்கிறது. சாட்டை வெளியிலிருந்து உள்ளே வந்தது. இது உள்ளிருந்து வெளியே போகிறது. ரொம்பவும் கொண்டாடப்பட்ட காட்சி. எனக்கு அதைவிட, அதற்கு முன்னால் வருகிற ஒரு சிறிய இடமே அதிகம் உறுத்துகிறது. நீதாவின் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. கீட்ஸையும் வர்ட்ஸ்வர்த்தையும் சொல்லித் திரிந்த அந்த வாத்தியார் திடீரென்று விரலை நீட்டி, நான் குற்றம் சாட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். யாரை, என்று மகன் கேட்கிறான். யாரையுமில்லை என்கிறார். நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.